குளியலறையில் ஒரு தேயிலை வடி

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அதைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ நலம் என்றுதான் சொல்வாய், நானும் அதை நம்பியதுபோல இருக்க வேண்டும். போன சனிக்கிழமை உன் கலியாண அழைப்பிதழ்களுக்கு விலாசம் எழுத உன் பிளாட்டுக்கு வந்தேன் அல்லவா? கை கழுவப் போன இடத்தில் துவாய் தேடி உன் குளியலறை அலுமாரியைத் திறந்தேன். சவரக் கிறீமுக்குப் பின்னால், தேத்தண்ணி வடிகட்டுகிற தேயிலை வடி ஒன்று இருந்தது. நீயோ தேயிலைப் பையைக் கோப்பைக்குள் போட்டு, அதைப் பிழிந்துகூட எடுக்காமல் அப்படியே குடிக்கிறவன். உன் குசினியிலேயே இல்லாத வடிக்குக் குளியலறையில் என்ன வேலை? துவாயை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் போல விலாசம் எழுதினேன். நான் பேசாமல் இருந்தால் நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. அது என்னோடு இத்தனை காலமாக வாழ்கிற உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு உன்னைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தாய். இரண்டு தரம் எழுந்து போய்க் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு யன்னலடியில் நின்றாய். முகம் வெளுத்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை அம்மா, வாய்வு" என்றாய். அந்தச் சொல்லோடு எனக்கு முடிவாகிவிட்டது. நம் வீட்டில் வாய்வு என்று யாராவது சொன்னால் அது வாய்வாக இருக்காது. உனக்குச் சிறுநீரகத்தில் கல். கலியாணம் முடியும்வரை அதைப் பொத்திவைக்கப் பார்க்கிறாய். கட்டப்போகிற தர்ஷினிக்கும் சொல்லியிருக்க மாட்டாய், லூயிஷாமில் இருக்கிற அவளுடைய தாய் தகப்பனுக்கும் சொல்லியிருக்க மாட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை உனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, அது அப்பா வழியில் வந்தது. அந்தக் கதையை நீ முழுதாக அறிய மாட்டாய். சொல்கிறேன், பொறுமையாக வாசி.

பத்து வருடத்துக்கு முந்திய கதை. நாங்கள் ஹவுன்ஸ்லோவில் அந்தப் பழைய வாடகை வீட்டில் இருந்தோம். மேலே பிளேன் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடர்வோமே, அந்த வீடு. உனக்கு மீசை அரும்புகிற வயது. பாட்டுப் பெட்டியும் நீயுமாக அறைக்குள் கிடப்பாய், வீடு எரிந்தாலும் தெரியாது. அப்பா பெற்றோல் செட்டில் வேலை. கண்ணாடிக் கூட்டுக்குள் காலையிலிருந்து பொழுதுபடும்வரை தனி ஆளாக இருக்க வேண்டும். கழிவறை பின்பக்கம். போவதென்றால் கல்லாவைப் பூட்டி, கதவைப் பூட்டி, வெளியே நிற்கிற கார்க்காரர்களின் வாயில் விழுந்து எழும்ப வேண்டும். அதனால் அங்கே வேலை செய்த நம்மவர்கள் எல்லோரும் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் போகத் தேவையில்லை. அதைக் கெட்டித்தனம் என்று வேறு பேசிக்கொண்டார்கள். நான் கட்டிக்கொடுத்த தண்ணீர்ப் போத்தல் போனபடியே திரும்பி வரும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "அங்கை தேத்தண்ணி தந்தவங்கள்" என்பார். தனி ஆளாக இருக்கிற இடத்தில் யார் தேத்தண்ணி தந்தது என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம்.

அந்த நேரம்தான் உன் புவனா மாமிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. ஊரில் சண்டை, தாய் தகப்பன் அங்கே, பொறுப்பு முழுதும் இவருடைய தலையில். மாப்பிள்ளை வீட்டார் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாதகம் பொருந்திய பிறகும் ஆள் வைத்து விசாரித்தார்கள். குடும்பத்தில் ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கோ, இழுப்பு இருக்கோ, பரம்பரையாக ஏதும் வருமோ என்று. இந்தச் சமயத்தில் அப்பாவுக்கு முதுகின் இடப்பக்கத்தில் ஒரு குத்து வந்தது. வியர்த்து வடிய, கட்டிலில் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தார். "இஞ்சரும், இது வெறும் வாய்வு. கொஞ்சம் பெருங்காயம் கரைச்சுத் தாரும்" என்றார். கரைத்துக் கொடுத்தேன். உள்ளிப்பூண்டைச் சுட்டுக் கொடுத்தேன். வாய்வுக்கு எந்த மனிசன் இப்படி நடப்பான் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேதான் கொடுத்தேன்.

பிறகு நடந்தவை ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு நாட்களில் சவுத்தால் போகத் தொடங்கினார். மரக்கறி வாங்கப் போனேன் என்பார், வெறுங்கையோடு வருவார். ஒரு நாள் அவருடைய கோட்டுப் பையில் கடதாசியில் மடித்த சரை ஒன்று அகப்பட்டது. உள்ளே மண்ணிறத் தூள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தேன், அடுப்புச் சாம்பல் மாதிரி ஒரு கைப்பு. நம்ப மாட்டாய், யாரோ ஒருத்தி வசிய மருந்து கொடுத்துவிட்டாள் என்றுதான் என் புத்தி போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பெற்றோல் செட்டில் தேத்தண்ணி தந்தவளும் இந்தத் தூள் தந்தவளும் ஒருத்திதான் என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தூளைக் கொட்டிவிட்டு, அதே நிறத்தில் கொத்தமல்லித் தூளை நிரப்பி வைத்தேன். அவர் அதையும் விடாமல் குடித்தார்.

இன்னொரு நாள், கூட வேலை செய்கிறவனுக்குச் சுகமில்லை, இரண்டு ஷிப்ட் சேர்த்துச் செய்ய வேண்டும், இரவு சிநேகிதனின் அறையில் படுத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். மத்தியானம் பெற்றோல் செட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். எடுத்தது சுகமில்லை என்று சொல்லப்பட்ட அதே ஆள். "அண்ணை இண்டைக்கு லீவெல்லோ அக்கா" என்றான். அன்று முழுதும் நான் இருந்த இருப்பை எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த நாள் வந்தார். மெல்ல மெல்லப் படியேறினார். சேர்ட்டைக் கழற்றும்போது பார்த்தேன், இடப்பக்க முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. கேட்டேன், கதவில் இடித்ததாம். அன்று பின்னேரம் தேத்தண்ணி போடப் போனால் வடியைக் காணவில்லை. குசினி முழுதும் புரட்டினேன். வீட்டில் ஒரு மனிசனுக்கு முதுகில் அடி, அதே நாளில் தேயிலை வடி காணாமற்போகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மூளையைக் கசக்கினேன், பிடிபடவில்லை.

கடைசியில் குளியலறையில்தான் கண்டெடுத்தேன், கொதிநீர்த் தாங்கிக்குப் பின்னால், பழைய துணியில் சுற்றி. பக்கத்தில் ஒரு பிலிம் ரோல் டப்பா. திறந்தால் உள்ளே கறுப்பும் மண்ணிறமுமாகக் கொஞ்சம் குறுணி. இரண்டையும் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில், அவருடைய சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்தேன்.

"உதென்ன?" என்று கேட்டேன்.

"கல்லு," என்றார். "என்ரை கல்லு. உடைச்சு எடுத்தது."

"ஆர் உடைச்சது?"

"ஆஸ்பத்திரியிலை. மெசினாலை. வெட்டேல்லை, கொத்தேல்லை. தண்ணித் தொட்டிக்கை இருத்தி, வெளியிலை நிண்டு அடிச்சே உடைச்சுப்போட்டாங்கள்."

"அப்ப, உங்கடை கோட்டுப் பையிலை இருந்த வசிய மருந்து?"

"என்ன வசிய மருந்து? அது சவுத்தால் வைத்தியர் தந்த கல் கரைக்கிற தூள். கொத்தமல்லி மாதிரி மணந்தது. ஒரு சுகமும் காணேல்லை."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் அழுதேன். பிறகுதான் கோபம் வந்தது. கட்டிய பெண்சாதிக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த மனிசன் அங்கே கண்ணை மூடியிருந்தால் எனக்கு யார் வந்து சொல்லியிருப்பார்கள்? கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்: "உமக்குச் சொன்னால் நீர் அக்காவுக்குச் சொல்லுவீர், அக்கா மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுவா, புவனான்ரை கலியாணம் குழம்பியிடும்." என் அக்காவின் வாயைப் பற்றி அவர் சொன்னது பிழையில்லை. என் வாயைப் பற்றிச் சொன்னது பிழை.

வெளியே நின்று அடித்தால் உள்ளே இருக்கிற கல் உடையும் என்பதை நான் கொஞ்சமும் நம்பவில்லை. டப்பாவுக்குள் இருந்தது முற்றத்து மண் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? அடுத்த தரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் போனேன். நெட்டையான வெள்ளைக்கார டாக்டர், நல்ல மனிசன். என் இங்கிலிஷ் ஓட்டை உடைசல்தான், ஆனால் கேள்வி கேட்க அது போதும். "வெட்டாமல் செய்வது ஏன்? நாங்கள் அகதியாக வந்தவர்கள், எங்களை வைத்துப் பரிசோதிக்கிறீர்களா?" என்று நேரே கேட்டேன். அப்பா கூரையைப் பார்த்தார். டாக்டர் கோபிக்கவில்லை. வெளியே வரிசையில் இருந்தவர்களைக் காட்டி, அவர்களில் முக்கால்வாசிப் பேர் தன் ஊர்க்காரர் என்றார். பிறகு முன்பு எடுத்த எக்ஸ்ரேயையும் புதிதாக எடுத்ததையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். முதல் படத்தில் அவரைக்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டாவதில் அந்த இடத்தில் தூசி மாதிரி இரண்டொரு துகள். படத்தில் இருந்த பெயரையும் வாசித்துப் பார்த்தேன், வேறு ஆளின் படத்தைக் காட்டி ஏமாற்றக் கூடாது அல்லவா? பெயர் சரியாக இருந்தது.

அன்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன், உனக்கு இப்போது அது தேவை. கல் சின்னதென்றால் ஒன்றும் செய்யாமல் விடுவார்கள். நோவுக்கு மருந்து தந்து, தண்ணீரைக் குடி, அது தானாக வரும் என்று சொல்லி, இடைக்கிடை படம் எடுத்துப் பார்ப்பார்கள். அதை அசட்டை என்று நினைக்காதே, அதுவும் வைத்தியம்தான். தானாக வர முடியாத அளவென்றால் இந்த அதிர்வு மெசின். கத்தி இல்லை, தையல் இல்லை. அப்பாவின் காலத்தில் முதுகில் ஊசி போட்டு விறைக்க வைத்து, கதிரையோடு தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். சுத்தியலால் தகரத்தில் அடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். இப்போது தொட்டி இல்லை, மேசையில் படுத்தால் போதும் என்று கேள்வி. ஆனால் எல்லாக் கல்லுக்கும் இது சரிவராது. சில கல் உடையாது, சில இடத்தில் மெசின் எட்டாது, சிலருக்குத் திரும்பவும் செய்ய வேண்டி வரும். உடைந்த துண்டுகள் சிறுநீரோடு வரும்போதும் நோகும், சலத்தில் கொஞ்சம் இரத்தம் தெரியும். தானாக வருகிற கல்லையும் இந்தத் துண்டுகளையும் பிடித்து, என்ன வகைக் கல் என்று பார்க்கக் கொடுப்பதற்குத்தான் அந்த வடி. நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்காதே. சலம் அடைபட்டுக் கிருமி ஏறினால் சிறுநீரகமே போய்விடும், உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

சவுத்தால் வைத்தியரிடமும் போனேன், விடுவேனா? தூளை இன்னும் கொஞ்ச நாள் விடாமல் குடித்திருந்தால் கல் முழுதாகக் கரைந்திருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் பிழை என்றார். கல் கரைந்ததை எந்தப் படத்தில் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "நம்பிக்கை வேணும் தங்கச்சி" என்றார். எழுந்து வந்துவிட்டேன். வாழைத்தண்டு பொரியலை நான் இன்றைக்கும் சமைக்கிறேன், பார்லி காய்ச்சி வைக்கிறேன். சாப்பாடாகச் சாப்பிடு, நல்லது. மருந்தென்று நம்பி ஆஸ்பத்திரியில் தந்த தவணை நாளைத் தள்ளிப் போடாதே. முன் படமும் பின் படமும் காட்ட மாட்டேன் என்கிறவனை எந்த விஷயத்திலும் நம்பாதே, அவன் வெள்ளைக்கோட்டுப் போட்டிருந்தாலும் விபூதி பூசியிருந்தாலும்.

புவனா மாமியின் கலியாணம் குழம்பவில்லை. நன்றாகவே நடந்தது. முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளையையும் தாயையும் விருந்துக்குக் கூப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, அறைக்குள் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அவருடைய தாய் பதறிப்போய், "ஒண்டுமில்லை, பிள்ளைக்குச் சின்னனிலையிருந்து வாய்வு" என்றா. அப்பா என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். எங்களை ஆள் வைத்து விசாரித்தவர்கள், தம்பி! இரண்டு வீட்டாரும் ஒரே பூசணிக்காயைத்தான் மறைத்துக்கொண்டு சம்பந்தம் பேசியிருக்கிறோம்.

ஆகவே நான் சொல்வது இதுதான். கலியாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று விடாதே. கலியாணத்தன்று விரதம் இருப்பாய், பட்டு உடுத்தி மணவறையில் ஓமப்புகைக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் இருப்பாய். அந்த நேரம் பார்த்துக் கல் அசைந்தால் தாலியை விட்டுவிட்டு இடுப்பைப் பிடிப்பாய். அதைவிடப் பெரிது உன் சிறுநீரகம். அடைத்துக்கொண்டு கிடந்தால் அது சத்தமில்லாமல் பழுதாகும். எனக்கு அதுதான் பயம், சனம் என்ன சொல்லும் என்பது இல்லை. தர்ஷினிக்கு நீயாகச் சொல். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அவள் கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறாளா என்பதையும் பார்த்துவிடலாம். அப்படிப் பின்வாங்குகிறவள் நமக்கு வேண்டாம்.

இதுவரை எழுதி மடித்து வைத்தேன், நீயாகவே சொல்கிறாயா பார்ப்போம் என்று தபாலில் போடவில்லை. உன்னிடமிருந்து ஞாயிறு வரை ஒரு செய்தியும் இல்லை. நானே தர்ஷினிக்கு ரெலிபோன் எடுத்தேன். சீலைக்குச் சட்டை தைத்தாயிற்றா, அது இது என்று சுற்றி வளைத்துவிட்டு, "பிள்ளை, தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லைப் போலை..." என்று தொடங்கினேன்.

"கல்லுத்தானே மாமி?" என்றாள்.

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்கள் பயப்பிடாதேங்கோ. வடி வாங்கிக் குடுத்ததே நான்தான். இவர் கலியாணத்துக்குப் பிறகு பாப்பம் எண்டவர். நான் சொல்லிப்போட்டன், கல்லு உடைக்காட்டித் தாலி இல்லை எண்டு. வாற செவ்வாய் இல்லை, அதுக்கடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலை தவணை. நானும் லீவு போட்டிருக்கிறன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லியாச்சு, அவையள் ஒண்டும் நினைக்கேல்லை."

அம்மா என்று அவள் சொன்னது தன் அம்மாவை. ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். உன் அப்பா ரீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. இத்தனை பேச்சைக் கேட்டும் என்ன என்று கேட்காத மனிசனுக்கு விஷயம் தெரியும் என்று பொருள்.

"உங்களுக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எப்ப துவக்கம்?"

"முதல் நோ வந்த அண்டைக்கே எனக்கு ரெலிபோன் எடுத்தவன். உமக்குச் சொல்ல வேண்டாமெண்டு கேட்டவன். அம்மா கேள்வி கேட்டே டாக்டரை ஓட வைச்சிடுவா எண்டான்."

தம்பி, நீ தர்ஷினியிடம் மறைக்கிறாய் என்று நினைத்துத்தான் முன்பக்கங்கள் முழுவதும் எழுதினேன். அவள் அறிவாள், அவளுடைய வீட்டார் அறிவார்கள், அப்பா அறிவார். நீ மறைத்தது என்னிடம் மட்டும். எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கிறவள் என்று பெயர் எடுத்த எனக்கு அது மட்டும் பிடிபடவில்லை. எனக்கு மனம் நொந்தது. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். டாக்டரிடம் நான் கேட்ட கேள்விகளை வாசித்தபோது, நானே எனக்கு மகனாக இருந்திருந்தாலும் மறைத்திருப்பேன் என்று பட்டது. இதைக் கிழித்துப் போடலாம் என்றும் யோசித்தேன். வேண்டாம், உனக்குக் கதை தெரியட்டும், அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் வருவேன். உள்ளே வர மாட்டேன், டாக்டரை ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். வெளியே கதிரையில் பார்லித் தண்ணீரோடு இருப்பேன். தர்ஷினி உள்ளே இருக்கட்டும். முன் படத்தையும் பின் படத்தையும் அவள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லட்டும், பெயரையும் வாசிக்கச் சொல். அவள் சொன்னால் நம்புவேன் என்று நினைக்கிறேன். இனிமேல் உனக்கு எங்கே நொந்தாலும் முதலில் அவளிடம் சொல், அதுதான் சரி. ஆனால் இரண்டாவதாக என்னிடம் சொல். அப்பாவிடம் இல்லை.

உன் அம்மா